இரிகாராய், வால்டெர்

மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்.
கடலென்று பொய் சொல்லும் ஆற்றிலிருந்து
ஈரம் ஏறிவந்து
எங்கள் பத்திரிகையின் நிலவறைச் சுவரில் பூக்கும்.
அங்கேதான் என் மேசை.
அங்கேதான் ஊரில் பேர் வாங்கியவர்களும்
பேர் கெட்டவர்களும்
பழுப்பு உறைகளில் அகரவரிசையில் நிற்கிறார்கள்.

'இரிகாராய், வால்டெர்': ஓர் உறை.
உள்ளே
ஒரே பேரில் மூன்று பேர்.

ஒருவர் கோல்கீப்பர்.
துறைமுகத்து அணிக்கு ஐந்து பருவம் நின்றவர்;
கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில்
கால்களுக்கு நடுவே ஒரு பந்தை விட்டவர்.
ஒருவர் நடிகர்.
பதினேழு படங்களில் கதவு திறந்தவர்.
"ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், காத்திருங்கள்" என்பதுதான்
அவர் பேசியதிலேயே நீளமான வசனம்.
மூன்றாமவர் சைக்கிள் பந்தயக்காரர்.
அவரைப் பற்றிப் பிறகு.

நடிகர் செத்துப்போன செவ்வாய்க்கிழமை
இரவு பதினொன்றரைக்கு
மாடியிலிருந்து பெராஸா கத்தினார்:
"இரிகாராய் படம்! சீக்கிரம்!"
எந்த இரிகாராய் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
காலையில் நகரம் முழுக்க
மரணச் செய்திக்கு மேலே
ஒரு மனிதர் காற்றில் கிடையாகப் பறந்துகொண்டிருந்தார்,
பந்தை நெஞ்சோடு அணைத்தபடி.

வியாழக்கிழமை அந்த மனிதரே வந்தார்.
பைசாந்துவிலிருந்து ஐந்து மணி நேர பஸ்.
ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவரின் கறுத்த நகங்கள்.
கக்கத்தில் எங்கள் பத்திரிகை.
வேலை போயிற்று என்று எழுந்து நின்றேன்.
அவர் படத்தின் மேல் விரல் வைத்தார்.
"இதில் பந்து என் கையில் இருக்கிறதே.
இப்படி ஒன்றை யாரும் எடுத்ததாகவே எனக்குத் தெரியாது.
இன்னொரு பிரதி கிடைக்குமா?"

நாற்காலி கொடுத்தேன். மாத்தே ஊற்றினேன்.
சினிமாவில் நடித்ததற்காக
கல்யாண வீடுகளில் அவரை முன்வரிசையில் உட்காரவைப்பார்களாம்.
மறுத்துப் பார்த்திருக்கிறார்.
அலுத்துப்போய் ஒருமுறை
ஒரு பெண்ணின் நோட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.
"பேர் என்னுடையதுதானே. அதில் பொய்யில்லையே."
நடிகரின் படத்தை எடுத்துக் காட்டினேன்:
வெள்ளைக் கையுறை, கதவின் பித்தளைக் குமிழ்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இவருக்கும் கையில்தான் பிழைப்பா" என்றார்.

அன்று மாலை நடிகரின் மனைவி நெலிதா கூப்பிட்டார்.
மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
"இவர்தானா அந்த ஆள்?
என் வீட்டுக்காரருக்குக் கால்பந்தே பிடிக்காது.
கசாப்புக் கடைக்காரன் முப்பது வருஷம்
அவருக்கு எலும்பாகவே நிறுத்துப் போட்டான்,
அந்த ஒரு கோலுக்காக."
அப்புறம் கம்பியில் மூச்சு மட்டும்.
"பிடித்தும் இருக்கிறார், பாருங்கள்" என்றார்.
யாரிடம் சொன்னாரோ.

வெள்ளிக்கிழமை நாலு வரியில் திருத்தம்:
படத்தில் இருப்பவர் இறக்கவில்லை.
கோல்கீப்பர் அதையும் வெட்டி அனுப்பச் சொன்னார்.
பாய்ந்து பிடித்தேன் என்று எவனும் போடுவான்,
சாகவில்லை என்று அச்சில் எழுதித் தருவது
யாருக்குக் கிடைக்கும் என்றார்.

மூன்றாமவரின் படத்தில்
முன்சக்கரமும் ஒரு முழங்காலும் சேறும்தான்.
முகம் வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.
பின்பக்கம் யாரோ பென்சிலால்:
'இது எந்த இரிகாராய்?'
அவர் வரவில்லை, கூப்பிடவில்லை.
அவருக்காக யாரும் எலும்பு வாங்கியதாகத் தகவல் இல்லை.

புது உறைகள் வந்திருக்கின்றன.
ஆளுக்கொன்றாகப் பிரித்து வைக்க உத்தரவு.
இன்றைக்குக் குளிர். விரல் விறைக்கிறது.
நாளை செய்யலாம்.